ரிலீவர் வருவாரா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா, 03.03.2024

என் பையனுக்கு 7 வயது. ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. ஆவணியில் என் தம்பிக்கு ஓசூரில் கல்யாணம். பெண் அழைப்பு, ரிசப்ஷன், முகூர்த்தம் என்று மூன்று நாள். இவனைக் கூட்டிக்கொண்டு போனால் மேளச் சத்தத்துக்கு மண்டபத்து கேட்டிலேயே நான் நிற்க வேண்டியதுதான். போன வருஷம் ஒரு காதுகுத்துக்கு அப்படித்தான் நின்றேன், பந்தியில்கூட உட்காரவில்லை. வீட்டுக்காரருக்கு லாரியில் வேலை. மாமியாருக்கு மூட்டு வலி, இவன் பின்னால் ஓட முடியாது. மூன்று நாள் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேலூரில் ஏதாவது இடம் உண்டா? காசு கொடுத்தாலும் பரவாயில்லை. இப்படிக் கேட்பதே தப்பு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள் அண்ணா.

04.03.2024, இரவு

தப்பு இல்லைம்மா. என் மகனுக்கு 13 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இந்தப் பத்து வருஷத்தில் நீங்கள் கேட்டதை நான் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு முறை. வந்த பதில், "பெத்தவங்களே இப்படிச் சொன்னா எப்படி?" அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளையைக் கொஞ்ச நேரம் வேறொருவர் பார்த்துக்கொள்ள, பெற்றவர்கள் ஓய்வெடுப்பதற்கு ரெஸ்பைட் என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட எங்கப்பா சொன்ன சொல் நன்றாகப் புரியும். அவர் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ரிலீவர் வந்தால்தான் மெஷினை விட்டு நகரலாம். வராத நாளில் டபுள் டூட்டி, வீட்டில் எங்களுக்குத் திட்டு. நீங்கள் கேட்பது ரிலீவர், அவ்வளவுதான். நாங்கள் பத்து வருஷமாக டபுள் டூட்டியில் இருக்கிறோம், ஆகவே நன்றாகப் புரிகிறது.

இடம் பற்றி நாளை. கரண்ட் போய்விட்டது, ஃபேன் நின்றதும் இவன் எழுந்துவிட்டான்.

05.03.2024

காகிதத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1999-ல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கும் உரியது. அதில் 'சமர்த்' என்று ஒரு திட்டம்: நெருக்கடியில் இருக்கிற குடும்பங்கள் பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவைக்கும் தங்குமிடம். 'கரௌந்தா' பெரியவர்கள் ஆயுளுக்கும் தங்க. பிற்பாடு இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். 10 வயது வரை பகலில் விட 'திஷா', அதற்கு மேல் 'விகாஸ்'; இவையும் பிற்பாடு ஒன்றாகிவிட்டன. எல்லாமே பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக நடப்பவை. பக்கத்தில் நிறுவனம் இருந்தால் திட்டம் இருக்கும். இல்லையென்றால் இந்திப் பெயர் மட்டும் இருக்கும்.

நான் அலைந்து விசாரித்த நாட்களில் எங்கள் பக்கத்தில் 'மூன்றே மூன்று நாளைக்கு' என்று எடுத்துக்கொள்ளும் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பகல் பள்ளி கிடைத்தது. வருஷக் கணக்கில் விடும் ஹாஸ்டல் கிடைத்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். அங்கே ஊனமுற்ற பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இடைவேளை தருவது உள்ளாட்சியின் கடமை என்று 2011-ல் விதியே போட்டிருக்கிறார்கள். அதற்கும் அங்கே காத்திருப்புப் பட்டியல்தான், ஆனாலும் காத்திருக்க ஒரு பட்டியல் இருக்கிறதே.

09.03.2024

காசு கொடுத்து விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதே தப்பைச் செய்யக்கூடாது.

2019 மே மாதம். என் மனைவிக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். இவனுக்கு அப்போது 8 வயது. மகளை என் அக்கா கூட்டிக்கொண்டு போனார். இவனை யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சென்னைப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். சுத்தமான கட்டிடம், மூலைக்கு மூலை கேமரா, சுவரில் மீன் படங்கள். நான்கு நாளுக்கு முன்பணம் கட்டினேன். விட்டுவிட்டு வரும்போது அவன் அழவே இல்லை. "பாருங்க சார், செட் ஆயிட்டான்" என்றார்கள். எனக்கும் அது போதுமாக இருந்தது. ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், வாலாஜா ரோடு தாண்டியதுகூடத் தெரியவில்லை.

நான்காம் நாள் போய்ப் பார்த்தால் உதடு வெடித்து, கண் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. அவன் குடிப்பது ஒரு பச்சை பாட்டிலில் மட்டும்தான். அது பையின் அடியில், துணிக்குக் கீழே கிடந்தது. அவர்கள் டம்ளரில் கொடுத்திருக்கிறார்கள், இவன் தட்டிவிட்டிருக்கிறான், 'பிடிவாதம்' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கையைக் கடித்துக்கொண்டான். யாராவது பையில் துணி அடுக்கினால் போதும், அலறல். அதன்பிறகு ஊருக்குப் போனால் துணியைக் கட்டைப்பையில்தான் போடுகிறோம். இன்றைக்கும் எங்கள் வீட்டு ஜிப் வைத்த பை பரண் மேலேயே இருக்கிறது.

ரொம்ப நாள் அந்த இடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பாதிதான் திட்டுகிறேன். பச்சை பாட்டிலைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. படிவத்தில் உணவுப் பழக்கம் என்ற இடத்தில் சைவம், அசைவம் என்று இரண்டு கட்டம் இருந்தது. அசைவத்தில் டிக் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவந்தேன்.

அதனால் நீங்கள் மூன்று நாளைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். முதலில் மூன்று மணி நேரம் அவனை யாரிடமாவது விட முடிகிறதா பாருங்கள். அழாமல் இருக்கிற பிள்ளையை நம்பாதீர்கள், திகைத்துப் போனாலும் அழமாட்டார்கள். ஆவணிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. இடம் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள்.

10.03.2024

மேலே உள்ளதை என் மனைவி படித்துவிட்டாள். இரண்டு திருத்தம்.

ஒன்று. பச்சை பாட்டிலைப் பற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவள் என்னிடம் போனில் இரண்டு முறை சொன்னாளாம். "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்று நானும் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அந்த இடத்தைத் திட்டுவதைக் கால்பங்காகக் குறைத்துக்கொள்கிறேன்.

இரண்டு. நான்காம் தேதி 'நாங்கள் டபுள் டூட்டி' என்று எழுதியிருக்கிறேனே, அந்த 'நாங்கள்' யார் என்று கேட்டாள். நான் காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவேன். நடுவில் டீ, பேப்பர், பக்கத்துக் கடைக்காரரோடு தேர்தல் பேச்சு. "பதினோரு மணி நேரத்துக்கு மேல உங்களுக்கு ரிலீவர் நான்தான். எனக்கு யாரு?" என்றாள். கணக்கில் பிழை இல்லை. 'நாங்கள்' என்பதை 'அவள்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

11.03.2024

என்ன கடை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எலக்ட்ரிகல் கடை, சத்துவாச்சாரியில். இந்தப் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே சம்பந்தம், எங்கள் வீட்டு ஃபேனில் பேரிங் தேய்ந்தால் எனக்கு முன்னால் என் மகனுக்குத் தெரிந்துவிடும்.

17.03.2024

ஆம்பூரிலிருந்து ஒருவர் உதவித்தொகை பற்றிக் கேட்கிறார். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று தர வேண்டும். ஆட்டிசத்துக்கு ஐசா என்று 40 கேள்விகள் உள்ள அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் யு.டி.ஐ.டி. அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது, முதலில் அதை வாங்குங்கள். என் மகனுக்குச் சான்றிதழில் அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருப்பதால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. முன்பு 1,500 ஆக இருந்தது.

திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள், மனு எழுத நானே உதவுகிறேன்.

18.03.2024

மன்னிக்கவும், ஆம்பூர்க்காரரே, வர வேண்டாம். ஆம்பூர் 2019-லேயே திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிட்டது. உங்களுக்குக் கலெக்டர் திருப்பத்தூரில். எனக்கு இன்னும் வட ஆற்காட்டு மூளை, அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டை வரை எல்லாம் ஒரே மாவட்டம் என்றே ஓடுகிறது. தவிர, தேர்தல் அறிவித்துவிட்டார்கள். குறைதீர்வு நாளே இப்போது கிடையாது, ஜூன் வரை பொறுக்க வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு தப்பு. மனைவி இதைப் படிக்கவில்லை.

02.04.2024

இன்றைக்கு உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். இரண்டு பேர் நீல விளக்குப் படம் அனுப்பினார்கள். இருவரும் சொந்தக்காரர்கள். எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தால் பத்து நிமிஷம்.

நம்முடைய அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு என்ன தமிழ் போட்டிருக்கிறார்கள் பார்த்திருக்கிறீர்களா? 'புற உலகச் சிந்தனையற்றோர்'. யார் செய்த சொல்லோ. இரண்டு தெரு தள்ளிக் கிரைண்டர் ஓடினால் காதைப் பொத்துகிற பிள்ளைக்குப் புற உலகம் இல்லையாம். 'மதியிறுக்கம்' என்பதும் எனக்குப் பிடிக்காது. ஆட்டிசம் என்றே இருக்கட்டும், பஸ் என்று சொல்லவில்லையா.

28.04.2024

வெயில் 40-ஐத் தாண்டிவிட்டது. இவன் சட்டையே போடுவதில்லை. வாசலுக்கு வரும்போது மட்டும் துரத்திப் பிடித்து மாட்டுகிறோம்.

ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: தெரபிக்குக் கூட்டிப் போகும்போது பிள்ளை உள்ளே இருக்கிறானே, அது அம்மாவுக்கு ரெஸ்பைட் இல்லையா? இல்லை. 45 நிமிஷம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே கேட்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது ஓய்வாகாது. கடைசி ஐந்து நிமிஷம் அம்மாவைக் கூப்பிடுவார்கள். "வீட்டுல இதைப் பத்து தடவை செய்யுங்கம்மா." ஸ்பீச் தெரபிஸ்ட் தருவது ஒன்று, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) தருவது ஒன்று, வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் தருவது இன்னொன்று. ஒருமுறை என் மனைவி கூட்டிப் பார்த்தாள், எல்லாவற்றையும் செய்தால் நாளுக்கு நான்கு மணி நேரம். சமையலும் துணியும் தனி. அவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வீட்டு ஆளையும் சிகிச்சையில் சேர்ப்பதில் எங்கள் வேலூருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையும் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்திலும் ஆரம்ப காலத்திலிருந்தே அந்த வழக்கம்தான், வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பார். பைத்தியம் என்று சொல்லிப் பூட்டிவைத்த காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம்! அங்கே குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோர் கூடவே தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளையை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும் முறையைவிட இது மேல், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் குறை வேறு. நாடு முழுக்க அந்த யோசனையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்குச் சொல்லிக்கொடு என்பதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மா ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவில் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்று ஒரு வரி இருக்கிறது. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே கொக்கி போட்டுவிட்டார்கள்.

21.05.2024

குடியாத்தம் அம்மா எழுதியிருக்கிறார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெரியாதவர்களுக்கு: அம்மன் தலை ஊர்வலமாக வரும், ஊரே தெருவில் நிற்கும், பம்பை, உடுக்கை, இரவில் வாணவேடிக்கை. இவர் பையனைப் பாத்ரூமில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மூன்று மணி நேரம் கூடவே உட்கார்ந்திருக்கிறார். "சிரசு தெருவுல போச்சு, நான் பக்கெட்டைப் பாத்துக் கும்பிட்டேன் அண்ணா" என்று எழுதியிருக்கிறார். என் மனைவி இதைப் படித்துச் சிரித்தாள், அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மெஷின் வேலை செய்பவர்கள் போடும் காது மூடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். தலையில் ஏற்றிப் பழக ஒரு மாதம் ஆகும், முதல் வாரம் பொம்மைக்குப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். அடுத்த வருஷம் சிரசு அன்றைக்குப் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பாகாயத்தில் பட்டாசு இல்லை. இல்லை, இதுவும் தப்பு யோசனை. நீங்கள் குடியாத்தத்தில் இருந்து சிரசு பார்க்க வேண்டும், பையன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு இப்போதிலிருந்தே அவன் எங்கள் வீட்டைப் பார்த்துப் பழக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

அவரிடம் ஆள் தேடினீர்களா என்று கேட்டேன். நாத்தனார் ஒரு பெண், காலேஜ் இரண்டாம் வருஷம். அவளிடம் மட்டும் பையன் தானாகப் போய்க் கையைக் கொடுப்பானாம். ஆள் கிடைத்துவிட்டார்!

16.06.2024

எங்களுக்கு ஆள் எப்படிக் கிடைத்தார் என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

எதிர் வீட்டில் ஓர் ஆயா. ஆயா என்றதும் வேலைக்கார ஆயா என்று நினைக்காதீர்கள், எங்கள் பக்கம் பாட்டியைத்தான் ஆயா என்போம். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். 2022-ல் ஒருநாள் இவன் கதவைத் திறந்துகொண்டு ஓட, அவர்தான் தெருமுனையில் பிடித்து நிறுத்தினார். பிடித்தார் என்றால் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் போய் வழியில் உட்கார்ந்துகொண்டார். இவன் குழம்பி நின்றுவிட்டான். அதைப் பார்த்து என் மனைவி, இவர்தான் என்று முடிவு செய்தாள்.

முதல் மாதம் ஆயா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து மொச்சை உரிப்பார், போய்விடுவார். இவனிடம் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் மாதம் இவன் போய் மொச்சைத் தோலை எண்ண ஆரம்பித்தான். அப்போது மனைவி மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் துணி காயப்போட்டாள். அப்புறம் மாவு மில். அப்புறம் ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் என்று ஆக ஏழு மாதம் பிடித்தது.

காசு வேண்டாம் என்றார். என் மனைவி விடவில்லை. "காசு வாங்குனாத்தான் ஆயா நாளைக்கு நான் உரிமையா கூப்பிட முடியும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லணும்" என்றாள். ஒரு தடவைக்கு 150 ரூபாய், மாதம் 13 தடவை. 1,950. அரசு தரும் 2,000-ல் மிச்சம் 50 ரூபாய்க்கு இவனுக்கு முறுக்கு.

பரீட்சை அட்டை ஒன்றில் ஒரு தாளை ஒட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். பச்சை பாட்டில் முதல் வரியில். தலையில் அடித்துக்கொண்டால் பசி இல்லை, காது வலியாக இருக்கும். முதுகில் தொடக்கூடாது, கையை நீட்டினால் அவனே பிடித்துக்கொள்வான். கத்தி அழும்போது யாரும் பேசவே கூடாது, லைட்டை அணைத்துவிட்டு ஃபேனை ஐந்தில் வைக்க வேண்டும். வலிப்பு மாத்திரை நேரம். எங்கள் இரண்டு நம்பர்கள். ஆயாவுக்குக் கண் சரியில்லை, அவர் அதைப் படிப்பதில்லை. ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிந்தது. ஏழில் ஐந்து வரி மனைவி சொன்னது.

முதல் தடவை முழுசாக இரண்டு மணி நேரம் கிடைத்த அன்றைக்கு அவள் எங்கே போனாள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாளாம். எங்கே போவது என்று தெரியவில்லையாம்.

14.07.2024

போன வாரத்திலிருந்து ஆயா இவனை 2-ஆம் நம்பர் பஸ்ஸில் கூட்டிப்போக ஆரம்பித்திருக்கிறார். பாகாயத்தில் ஏறினால் கோட்டை, சி.எம்.சி., பாலாற்றுப் பாலம், காட்பாடி. அங்கே இறங்கி அதே நம்பரில் திரும்பி வருவது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஜன்னல், கூட்டம், 13 வயதுப் பையன், அவருக்கு 62 வயது. "நீங்க ஒருநாள் பின்னாடி சீட்டுல வாங்க" என்றார். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். காட்பாடி வரை இவன் அசையவில்லை. கண்டக்டர் விசில் அடிக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. கையில் என் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டியிருந்தார், அதை நான் ஒன்பது வருஷமாகக் கட்ட முயன்று தோற்றவன்.

இவனிடம் இருக்கும் வார்த்தைகள் மொத்தம் ஆறு. இப்போது ஏழாவது ஒன்று சேர்ந்திருக்கிறது: "ரைட்". சாப்பிட்டு முடித்தால் ரைட். குளித்து முடித்தால் ரைட். எந்தத் தெரபியிலும் வராதது, டிக்கெட்டே எடுக்காமல் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டவுன் பஸ்ஸில் இலவசம்தானே.

15.07.2024

நேற்று எழுதியதில் திருத்தம். எல்லா டவுன் பஸ்ஸிலும் இலவசம் இல்லை. 2021-ல் வந்த சலுகை அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். வேலூரில் தனியார் பஸ்ஸும் அதே வழியில் ஓடும், ஏறினால் காசுதான். எங்கள் ஆள் நிறம் பார்த்து ஏறுவதில்லை, எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுகிறான். ஆகவே பாதி நாள் டிக்கெட்.

02.09.2024

கல்யாணம் முடிந்துவிட்டது! குடியாத்தம் அம்மா மூன்று நாளும் போகவில்லை. ரிசப்ஷன் ராத்திரியும் முகூர்த்தமும் மட்டும். மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி லாட்ஜில் ரூம் போட்டு, நாத்தனார் அங்கே பையனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மார்ச்சில் கேட்டது வேலூரில் விட இடம், கிடைத்தது ஓசூரில் ஒரு ரூமும் ஒரு பெண்ணும். பந்தியில் பாயசம் வரை உட்கார்ந்தேன், இலையை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். நடுவில் நான்கு முறை போன் செய்தாராம். நாத்தனார் ஐந்தாவது முறை எடுக்கவில்லையாம். கெட்டிக்காரப் பெண்.

நாத்தனாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு சுடிதார். போதாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் கல்யாணத்தில் ஆட ஆசை இருந்திருக்கும்.

22.09.2024

மேலே அந்தக் கடைசி வரியை எழுதினபிறகு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தம்பியை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். சொந்தக்காரர்கள் வந்தால் "உங்களுக்கப்புறம் அக்கா இருக்காளே" என்பார்கள், நானும் தலையாட்டுவேன். போன வாரம் அப்படி ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும், "அப்பா, என்னை யாரும் கேட்கலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

இவனுக்கு 18 ஆனதும் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி காப்பாளர் நியமிக்க வேண்டும். கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பம். இன்னும் ஐந்து வருஷம். அந்தப் படிவத்தில் மகள் பெயரை எழுதலாம் என்று நான் எப்போதோ மனசுக்குள் எழுதிவிட்டேன். இப்போது அழித்துவிட்டுக் காலியாக வைத்திருக்கிறேன்.

05.10.2024

பணக் கேள்விகள் சேர்ந்துவிட்டன, ஒரே மூச்சில். நிராமயா என்பது நேஷனல் டிரஸ்டின் மருத்துவக் காப்பீடு, வருஷத்துக்கு 1 லட்சம் வரை. முன்னதாக மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு, பில்களைப் பத்திரமாக வையுங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. ராத்திரி இரண்டு மணிக்குப் பேச யாரும் இல்லை என்று எழுதிய அம்மாவுக்கு: 14416, டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள், 24 மணி நேரமும். பிள்ளைக்காக என்றில்லை, உங்களுக்காகவே கூப்பிடலாம். என் மனைவி ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆயாவுக்குத் தரும் 1,950-ஐ எந்தத் தலைப்பிலும் காட்ட முடியாது. விசாரித்துவிட்டேன்.

12.01.2025

ஆயா பொங்கலுக்கு மகன் வீட்டுக்கு, அரியூருக்குப் போகிறார். நான்கு நாள். முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, பஸ் படி ஏற முடியவில்லை, இனி வாரத்துக்கு ஒருநாள்தான் முடியும் என்றும் சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு ரிலீவர் வேண்டியிருக்கிறது என்பதை இரண்டு வருஷமாக நாங்கள் யோசிக்கவே இல்லை.

இவன் காலையிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். நாளைக்குக் கடையை மத்தியானம் வரை மூடிவிட்டு நான்தான் 2-ஆம் நம்பரில் கூட்டிப்போகிறேன். எந்தப் பக்க ஜன்னல், எங்கே இறங்கணும் என்று ஆயாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பாகாயம், தொரப்பாடி பக்கம் பொறுமையாக மொச்சை உரிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதல் மாதம் சும்மா வந்து வாசலில் உட்கார்ந்தால் போதும், காசு முதல் நாளிலிருந்தே உண்டு.